ஒரு ஜெபமாலை நேரமும் ஒரு பீர்க்கங்காயும்

மொட்டைமாடியில் அன்று இருந்தவர்கள்: வீட்டுக்காரம்மா ஃப்ளோரன்ஸ் ஆன்ட்டி, எங்கே பஞ்சாயத்து என்றாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும் அவருடைய அண்ணன் பிலிப், இரண்டாம் மாடி கரீமுல்லா பாய், அவர் மனைவி ஜஹனாரா, மொட்டைமாடி அறையில் குடியிருக்கும் கிளிஃபர்ட், அதாவது நான், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் படர்ந்து தொங்கிக்கொண்டிருந்த பீர்க்கங்காய்கள்.

கேஸ் என் மேல்தான்.

தரமணியில் இரவு ஷிப்ட் பார்த்தவன் நான். எவனோ ஒரு அமெரிக்காக்காரனின் கிரெடிட் கார்டு வேலை செய்யவில்லை என்று விடிய விடிய மன்னிப்புக் கேட்கும் வேலை. ஒரு நாள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு சாந்தோமுக்குத் திரும்பி வந்துவிட்டேன். அப்புறம் பழைய டிரம்களில் மண் போட்டு பீர்க்கங்கொடி ஏற்றினேன். சமையலுக்கு அல்ல. காய் கொடியிலேயே முற்றி, பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே விதை குலுங்க வேண்டும். தோலை உரித்து, விதையை உதறி, அலசிக் காயவைத்தால் உடம்பு தேய்க்கும் நார். அடையாறில் சோப்பு செய்து விற்கும் வைதேகி, நல்ல நார் எவ்வளவு இருந்தாலும் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். கொடி பிழைத்தால் நான் பிழைப்பேன். இல்லாவிட்டால் மறுபடி ஹெட்செட்.

ஆனால் இந்தக் கட்டடத்தில் பிஞ்சுப் பீர்க்கங்காயைக் கொடியில் விட்டுவைப்பது பாவம். துணி காயப்போட வருகிறவர்கள் வெறும் கையோடு இறங்குவதில்லை. ஜஹனாரா பருப்பில் போட்டார். ஃப்ளோரன்ஸ் ஆன்ட்டி எறா போட்டு வதக்கி, எனக்கே ஒரு கிண்ணம் அனுப்பினார். என் மூலதனத்தை நானே சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன். பிரமாதமாக இருந்தது, அது வேறு விஷயம்.

தொடாதீர்கள் என்று நல்லவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். "முத்த விட்டு இன்னாடா பண்ணப் போற?" என்று என்மேல் பரிதாபப்பட்டு இன்னும் இரண்டு பறித்தார்கள். அதனால் ஒரு பொய் சொன்னேன். பூச்சிமருந்து அடித்திருக்கிறேன், தின்றால் நான் பொறுப்பில்லை என்று.

பறிப்பது நின்றது. கொடிக்குக் கீழே இருப்பது கட்டடமே குளிக்கும், சமைக்கும் தொட்டி என்பதுதான் என் புத்தியில் உறைக்கவில்லை.

"தண்ணியில விஷத்தக் கலந்துட்டு முழிக்கிறான் பாரு," என்றார் பிலிப். "கொடிய வெட்டு ஃப்ளோரன்ஸ். தொட்டியக் கழுவு. இவன காலி பண்ணச் சொல்லு."

"அங்கிள், மருந்தே அடிக்கல. சும்மா சொன்னேன்."

"அன்னிக்கி அடிச்சேன்னே, இன்னிக்கி அடிக்கலன்ற. எத நம்புறது?"

"பறிச்சிக்கினே இருந்தா வேற இன்னாதான் சொல்றது?"

ஜஹனாராவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பறிக்காதன்னு சொன்னா வுட்ருப்போம். நாலு பிஞ்சுக்கா இந்தப் பொய்யி?"

சொல்லியும் நிறுத்தவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். பாய் கண்ணாலேயே அடக்கினார்.

ஃப்ளோரன்ஸ் ஆன்ட்டி முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். அவருக்கு நிரூபணம் வேண்டும். "ஒரு காய் சாப்புடு. நான் ஒரு ஜெபமாலை சொல்றேன். முடியற வரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆகலன்னா கொடி இருக்கட்டும். வயித்தப் புடிச்சின்னா நாளைக்கே வெட்டிருவேன்."

பிஞ்சாகத் தேடினேன். பொய்க்கு முந்தியவை எல்லாம் இவர்கள் வயிற்றுக்குள் போயிருந்தன, பிந்தியவை முற்றத் தொடங்கியிருந்தன. இருந்ததில் இளசாக ஒன்றை பிலிப்பே பறித்து நீட்டினார். அது பாதி முற்றியிருந்தது. கடித்தேன். கசப்பு என்றால் வேப்பங்கொழுந்தெல்லாம் பாயசம் என்று சொல்ல வைக்கும் கசப்பு. பல்லுக்கிடையில் நார்.

"எப்பிடி கீது?" என்றார் பாய்.

"இனிப்பா கீது பாய்."

தின்று முடித்தேன். ஆன்ட்டி நாற்காலியில் உட்கார்ந்து சிலுவை போட்டார். பிலிப் பதில் ஜெபம் சொன்னார். பாய் தம்பதி மரியாதையாக ஓரமாக நின்றார்கள்.

ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து சுற்று. முதல் இரண்டு சுற்று நிம்மதியாகப் போனது. மூன்றாவதில் வயிற்றுக்குள் யாரோ கட்டில் நகர்த்தினார்கள். அடிக்காத மருந்தல்ல, அந்தக் கசப்புதான். நான்காவதில் முதுகில் வியர்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்தி என்று நினைத்து ஆன்ட்டி இன்னும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். இறப்பின் வேளையில் வேண்டிக்கொள்ளச் சொல்லும் இடம் வந்தபோதெல்லாம், வாழ்க்கையில் முதல் முறையாக, மனதாரச் சொன்னேன்.

ஐந்தாவதும் முடிந்தது. எழுந்திருக்கப் போனேன்.

"மன்றாட்டு மாலை பாக்கி கீதுடா," என்றார் பிலிப்.

ஒவ்வொரு பட்டப்பெயராக மாதாவை அழைத்தார்கள். நான் டிரம்மைப் பிடித்துக்கொண்டு, கால்களைப் பின்னிக்கொண்டு, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றேன். அதில் 'எங்களுக்காக' என்பது நானும் என் குடலும்.

கடைசியில் ஆமென். ஆன்ட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கான். கொடி இருக்கட்டும்."

"மொகம் வெளிறிக் கீதே," என்றார் பிலிப்.

"வேண்டிக்கிட்டா எல்லாருக்கும் அப்பிடித்தான் ஆவும். உனக்குத்தான் ஒண்ணும் ஆவறதில்ல. வாண்ணா."

அண்ணனும் தங்கையும் இறங்கினார்கள். ஜஹனாரா காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக, மடித்து மடித்து, எடுத்துக்கொண்டு போனார். பாய் மட்டும் போகவில்லை. என் பின்னிய கால்களைப் பார்த்தார். சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

"நான் வாயத் தொறக்க மாட்டேன் தம்பி. ஆனா இனிமே வர்ற பிஞ்சுல பாதி கீழ வந்துரணும். மீதிய நீ முத்த விடு, இன்னா வேணா பண்ணு. சரியா?"

"சரி பாய்."

"அல்லா மேல ஆணையா?"

"மாதா மேல ஆணையா பாய், தயவு செஞ்சி வழி வுடுங்க."

விட்டார். ஓடினேன். பாத்ரூம் கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.