இடுப்பளவு தண்ணீர்

போதகரம்மா "ஆமென்" என்றால் அடுத்த தெருவில் குறட்டை விடுகிறவர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். தொலைபேசியிலோ கேட்கவே வேண்டாம், பீப்பாய்க்குள்ளிருந்து சிங்கம் பேசுவது போல இருக்கும். அந்தக் குரலை நம்பித்தான் நகராட்சி நீச்சல்குளத்து மேனேஜர் மோசம் போனார்.

"ஞானஸ்நானத்துக்குத்தானே அய்யா? ஞாயித்துக்கிழமை குளம் வாடகைக்கு உண்டு. கோடை முழுக்கப் புக் பண்ணிடவா?"

"பண்ணுங்க."

ஆணா பெண்ணா, எந்தத் தெருச் சபை என்று அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லச் சொல்லி எந்தக் கட்டளையும் இல்லையே!

குளத்து வாசலில் ஒரு பலகை: கீழ்த்தெருவாசிகளுக்கு அனுமதி இல்லை. வரி மட்டும் இரண்டு தெருவிலும் இனித்தது. மேல்தெருப் பிள்ளைகள் குளத்தில் நீச்சல் பழகினார்கள். கீழ்த்தெருப் பிள்ளைகளுக்கு ஆறு. அந்த ஆற்றில்தான் கீழ்த்தெருத் தையல்காரியின் மகன் மூழ்கிப் போனான். சின்னப் பெட்டியின் மேல் மண் விழுந்த சத்தம் போதகரம்மாவின் காதை விட்டுப் போகவேயில்லை. மனு கொடுத்தார், மறியல் செய்தார், சிறைக்கும் போய் வந்தார். நகராட்சித் தலைவர் பரிசீலித்துப் பரிசீலித்து நாற்காலியே தேய்ந்துபோனது. தையல்காரிக்கு இன்னொரு மகள் இருந்தாள். வெயில் ஏறினால் அவளும் ஆற்றுக்குத்தான் ஓடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் வாசலில் பல்லெல்லாம் தெரிய நின்றார்.

"அய்யா எங்கம்மா?"

"நான்தான் அந்த அய்யா."

பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது. "கான்ஸ்டபிள்! இவங்களத் தள்ளுய்யா வெளிய!"

காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் தலையைச் சொறிந்தார். "வழிபாட்டுல கைவெச்சா என் வேலை போயிடும் சார். போன தடவ இந்தம்மாவ உள்ள வெச்சோம். பாடிப் பாடி ஸ்டேஷன்ல ஒருத்தரையும் தூங்க விடல."

கீழ்த்தெருவே முங்கி எழுந்தது. ஏற்கெனவே ஞானஸ்நானம் வாங்கிய கிழவர்கள் சிலர் "எதுக்கும் இருக்கட்டும்" என்று இன்னொரு முறை வரிசையில் நுழைய, போதகரம்மா முறைத்துத் துரத்தினார்.

அவர்கள் தலை துவட்டும் முன்பே மேனேஜர் மதகைத் திறந்துவிட்டார். தலைவர் உத்தரவாம். கீழ்த்தெரு உடம்பு பட்ட தண்ணீராம்! குளம் மொத்தமும் சாக்கடைக்குப் போகும்வரை போதகரம்மா நின்று பார்த்தார். "அடுத்த வாரமும் வருவோம்" என்றார்.

காலிக் குளத்தை நிரப்ப வேண்டுமே? வாரம் முழுக்க மேல்தெருக் குழாய்களில் வெறும் காற்று. அடுத்த ஞாயிறு, முழுக்கு முடிந்து மேனேஜர் மதகில் கை வைத்த நேரம், நகராட்சித் தலைவரின் மனைவி தலை நிறைய நுரையோடு, நடமாடும் பஞ்சுமூட்டையாக ஓடிவந்தார்.

"தொறந்தே, கைய ஒடிச்சிடுவேன்!"

"உங்க வீட்டுக்காரர் உத்தரவும்மா..."

"அவரு தலையிலயா சோப்பு இருக்கு? என் தலையிலல்ல இருக்கு!"

மதகு மூடியே இருந்தது. தையல்காரியின் மகள் தண்ணீரில் காலை உதைத்துப் பழகினாள். அடக்கத்துக்குப் பிறகு வீட்டைவிட்டே வராத தையல்காரி, அன்றைக்குத்தான் மகளை நினைத்துப் பயந்து பின்னாலேயே வந்திருந்தாள். கரையில் நின்று பார்த்தாள். தண்ணீர் போதகரம்மாவின் இடுப்பளவுதான் இருந்தது.

"இவ்ளோதானாம்மா ஆழம்?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "ஆமா, சின்னப் பிள்ளைங்க பழகத்தானே கட்டினது."

தையல்காரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

போதகரம்மா சொட்டச் சொட்ட ஏறி வாசலுக்குப் போய், அந்தப் பலகையை இரண்டு கையாலும் பற்றினார்.

"கான்ஸ்டபிள், நகராட்சிச் சொத்து! பிடிய்யா!" என்று மேனேஜர் அலறினார்.

"இருங்க சார், பிள்ளைங்க தண்ணியில இருக்கு, ஒரு கண்ணு வெக்கணும்" என்று கான்ஸ்டபிள் குளத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முதுகுக்குப் பின்னால் ஆணிகள் கிறீச்சிட்டன.