குறுக்கே வந்த ஆறுதல்

ஆராய்ச்சிக்காரிக்கு அந்த அறையில் ஒரே ஒரு வேலைதான், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது. மனநல வார்டின் நர்சுகள் வாரம் ஒருமுறை மருந்து அறைக்கு அடுத்த அறையில் வட்டமாக உட்கார்ந்து, தங்கள் மனதைப் பிசைந்த நோயாளிகளைப் பற்றிப் பேசுவார்கள். மூத்த சிஸ்டர் நடத்துவார். இப்படிக் கூடிப் பேசுவது உண்மையிலேயே உதவுகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. "நீ சுவர் மாதிரி இருக்கணும். சுவர் பேசினா அந்தப் பதிவு செல்லாது" என்று பேராசிரியர் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

சுவருக்குக்கூடப் பட்டப்பெயர் வைக்காமல் விடுவார்களா இவர்கள்? அவள் ரெக்கார்டரோடு நுழைந்தாலே, "டேப்பு வந்தாச்சு, எல்லாரும் நல்ல பிள்ளையா இருங்க" என்பார் மலை. ஆளும் மலைதான், குரலும் மலைதான். முரண்டு பிடிக்கிற நோயாளிகூட இந்த ஆண் நர்ஸ் தோளில் கைபோட்டால் அடங்கிவிடுவார். அவருக்கு எதிரே பூனை சிஸ்டர். வார்டில் நடந்தால் காலடி கேட்காது, அதனால் அந்தப் பெயர்.

அந்த வார்டில் இருந்த கணக்கு வாத்தியார் ஒருவர் ஒரு நாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அன்று டூட்டியில் இருந்தவர்கள் மலையும் பூனையும். விசாரணை நடந்து, யார் மேலும் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. ஆனால் பூனை முகத்தில் அதற்குப் பிறகு ஈயாடவில்லை.

ஆராய்ச்சிக்காரி பதிவுகளை வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சொல் சொல்லாகத் தட்டச்சு செய்வாள். "வீடு இடிஞ்சு விழுந்தாலும் உனக்குக் கேக்காதுடி" என்று அக்கா சலித்துக்கொள்வாள். ஒரு மத்தியானம் அப்படித் தட்டிக்கொண்டிருந்தபோது அவள் விரல்கள் நின்றுவிட்டன.

"அன்னிக்கு வாத்தியார் கதவுகிட்ட நின்னுக்கிட்டு என்னை..." என்று பூனை தொடங்குகிறாள். "விடு தங்கச்சி, உன் தப்பு ஒண்ணுமில்ல" என்கிறது மலையின் குரல். யாரோ தண்ணீர் கொண்டுவருகிறார்கள், கிளாஸ் வைக்கும் சத்தம். பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது.

இதை முன்பே தட்டிய ஞாபகம் வந்தது. பழைய பதிவுகளைத் தேடிக் கேட்டாள். முந்தின வாரமும் இதே கதவு, இதே "விடு தங்கச்சி". அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான். ஒருமுறைகூட அவளை அந்த "என்னை"யைத் தாண்ட விடவில்லை.

ஆராய்ச்சிக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளி பேசும்போது குறுக்கே பேசாதே, அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாதே என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுக்கிற ஆட்கள் இவர்கள். தங்களில் ஒருத்தி வாயைத் திறந்தால் மட்டும் பாசத்தைக் கொண்டுபோய் அடைத்துவிடுகிறார்கள்.

பேராசிரியரிடம் ஓடினாள். "நல்ல கண்டுபிடிப்பு, கட்டுரையில எழுது. அங்க மட்டும் வாயைத் திறக்காதே" என்றார் அவர். கட்டுரை என்றைக்கு வெளிவருவது? பூனை வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், அடுத்த கூட்டம்தான் அவளுக்குக் கடைசி என்றும் மூத்த சிஸ்டர் போனில் சொன்னார். பாதியில் நிற்கும் அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு அவள் எங்கே போவாள்?

கடைசிக் கூட்டத்தில் மூத்த சிஸ்டர், "போறதுக்கு முன்னால ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார்.

பூனை மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள். "அன்னிக்கு வாத்தியார் கதவுகிட்ட நின்னுக்கிட்டு என்னை..."

"இப்ப எதுக்கு அதெல்லாம்? விடு தங்க..."

"உங்களை என்ன சொன்னார் சிஸ்டர்?"

எல்லாரும் திரும்பினார்கள். பேசியது டேப்பு. "முழுசாச் சொல்லுங்க. யாரும் குறுக்க பேச மாட்டோம்."

திறந்த வாயை மலை மூடிக்கொண்டார்.

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போகச் சொன்னார்" என்றாள் பூனை. "மாத்திரை குடுத்துட்டு வரேன்னேன். சரிம்மான்னு சிரிச்சார். குடுத்து முடிச்சேன். அப்புறம் மறந்துட்டேன். தலைக்கு மேல வேலைன்னுகூட இல்ல, சும்மா மறந்துட்டேன். என் தப்பு இல்லைன்னு எல்லாரும் சொல்றீங்க. என்ன நடந்துச்சுன்னு ஒருத்தர்கூட கேக்கலையே."

அவள் விம்மி விம்மி அழுதாள். இந்த முறை தண்ணீர் எடுக்க யாரும் எழவில்லை.

பிறகு மலை பேசினார். அந்தக் குரலா இது என்று இருந்தது. "என்னையும் உக்காரச் சொன்னார். உனக்கப்புறம்தான். அதான் சிஸ்டர் வரேன்னாங்களேன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். நீ கதவுன்னு ஆரம்பிச்சாலே எனக்குப் பகீர்னு இருக்கும்."

பூனை தலை நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

மூத்த சிஸ்டர் மெதுவாகக் கேட்டார்: "இது உங்க ஆராய்ச்சிக்கு ஆகுமாம்மா?"

"ஆகாது சிஸ்டர். சுவர் பேசிடுச்சு" என்று ஆராய்ச்சிக்காரி ரெக்கார்டரை அணைத்தாள். அதில் அவளுக்குத் துளி வருத்தமும் இல்லை.

ஷிப்ட் மாறும் நேரம் வந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. பூனையும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாத்திரை குடுக்கணும்" என்று எழுந்தாள்.

மலை எழவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இன்னிக்கு வேற யாராவது குடுக்கட்டும் தங்கச்சி. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போ."

பூனை உட்கார்ந்தாள்.