மேற்கே போகும் ஆறு

...அதுவும் இன்றைக்கென்று பார்த்தா இந்தக் குழாய் இவ்வளவு சத்தம் போட வேண்டும், இறுக்கி மூடிவிட்டுச் சின்ன வெங்காயத் தட்டோடு சமையலறை ஜன்னலுக்கடியில் உட்கார்ந்தேன், இங்கே உட்கார்ந்தால்தான் எதிர் ஃபிளாட் மகாலட்சுமி வீட்டுப் பேச்சு தெளிவாகக் கேட்கும், அவர்கள் ஜன்னலும் என் ஜன்னலும் கைநீட்டிக் கிண்ணம் மாற்றிக்கொள்ளும் தூரம்தான். ஒட்டுக்கேட்கிறேனாம், சொல்லிக்கொள்ளட்டும், காதைக் கழற்றி ஆணியிலா மாட்ட முடியும்... முதன்முதலில் உட்கார்ந்தது அவளுக்கும் அவள் மாமியாருக்கும் என்ன தகராறு என்று தெரிந்துகொள்ளத்தான், மறைப்பானேன். தகராறு கிடைக்கவில்லை, கரிசல் மண் கிடைத்தது. பத்தாவது படிக்கும் அவள் பெண் கனிஷ்கா புவியியலை மட்டும் வாய்விட்டுப் படிப்பாள், கணக்கு, இங்கிலீஷ் எல்லாம் மூச்சே கேட்காது. அதுவும் ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம், நிறுத்தி நிறுத்தி. அந்தப் பெண் கொஞ்சம் மக்குதான் போல என்று மேல்மாடி ராசாத்தியிடம் சொல்லியும் வைத்தேன், அவள் அதைக் கீழ்வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள், அவள் வாய் அப்படி.

மக்கோ என்னவோ, எனக்கு ஏறியது. கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்து இத்தனை காலம், இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நான் இருப்பது தீவில் என்று யாராவது சொன்னார்களா? பாலம் ஏறினால் சத்திரம் பஸ் ஸ்டாண்டு, அவ்வளவுதான் தெரியும். என் எட்டாவது கிளாசில் உலக உருண்டை ஒன்று பீரோ மேல் இருந்தது, டீச்சர் இறக்கவே மாட்டார், உடைந்துவிடுமாம், ஒன்பதாவதில் சுற்றிக் காட்டுவார்களாம். ஒன்பதாவதுக்கு நான் போகவில்லை, மாப்பிள்ளை வந்துவிட்டார்... எல்லா ஆறும் கிழக்கே ஓடும்போது நர்மதையும் தபதியும் மட்டும் மேற்கே போகின்றனவாம், அதைக் கேட்ட அன்று ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். யாரைக் கேட்டுக்கொண்டு அப்படிப் போயின?

நாளைக்குச் சமூக அறிவியலோடு பரீட்சை முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை துவாக்குடிக்குக் குடிபோகிறார்கள். அப்புறம் எதிர் ஜன்னலில் யார் வருவார்கள், சீரியல் பார்க்கும் ஜென்மங்கள்தான் வரும். காலையில் மாடியில் துணி காயப்போடும்போது நைசாகக் கேட்டேன், "ஏன் மகா, பாப்பா புத்தகத்தையெல்லாம் என்ன பண்ணப் போற?" "பழைய பேப்பர்காரருக்குத்தான்க்கா. ஏன், உங்களுக்கு வேணுமா?" வேணும் என்று சொல்ல நாக்கு எழவில்லை, இந்த வயதில் என்னத்துக்கு என்று சிரித்துவிட்டால்... "சும்மாதான் கேட்டேன், பஜ்ஜி எண்ணெய் ஒத்தலாமேன்னு." போயும் போயும் பஜ்ஜி.

அதோ, ஆரம்பித்துவிட்டாள். கோதாவரி... கிருஷ்ணா... எல்லாம் சரி. "நர்மதை ஆறு வங்காள விரிகுடாவில் கலக்கிறது." என்னது? நாளைக்குப் பரீட்சையை வைத்துக்கொண்டு இப்படியா, மறுபடி படித்துத் திருத்திக்கொள்வாள் என்று பார்த்தால் இரண்டாம் தரமும் அதே வங்காள விரிகுடா, எனக்குப் பொறுக்கவில்லை.

"அரபிக்கடல்டி."

வாயை விட்டுவிட்டேன். கத்தி கையில் அப்படியே நிற்கிறது. போச்சு, மானம் கொள்ளிடத்தோடு...

"தெரியும் அத்தை," என்றாள் ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து. "குழாய நிறுத்தி இவ்வளவு நேரம் ஆச்சு, உங்க சத்தத்தையே காணோம். இருக்கீங்களான்னு பாத்தேன்."

குழாயையா கவனித்திருக்கிறாள்... எத்தனை நாளாக?

"அடுத்தது தபதி அத்தை. படிக்கட்டுமா?"

"ம்," என்றேன். படித்தாள். நிறுத்தி நிறுத்தி, இரண்டு தரம். மக்கு என்று கீழ்வீடு வரைக்கும் பேர் வாங்கிய பெண், நான் வெங்காயத்தை வைத்துவிட்டு எழுந்தேன், அந்தப் புத்தகம், அந்தப் புத்தகத்தை மட்டும் என்று கேட்க வாய் திறந்தேன், அதற்குள் அவள் மண்வகைகளுக்குப் போயிருந்தாள், இன்னும் கொஞ்சம் உரக்க.