நாலாம் எண் இல்லாத பெட்டி

"அஞ்சு, ஆறு. ரெண்டையும் உள்ள தள்ளிட்டேன், தங்கச்சி."

"விளக்கு பச்சையாண்ணே?"

"பச்சைதான். சீக்கிரம் முடிலா. மணி ஒன்றரை. ரெண்டு மணி ஆளுங்க இப்பவே வந்து உட்கார ஆரம்பிச்சிட்டாங்க."

பிரமிளா பட்டர்வொர்த்தில் தன் அலுவலக மேசையில் இருந்தாள். போனில் பேசிய ஹபீப் முகம்மது கடலுக்கு அந்தப் பக்கம், ஜார்ஜ் டவுனில், ஒரு டயாலிசிஸ் மையத்தின் சர்வர் அறையில் நின்றார். தண்ணீர்க் குழாயிலிருந்து ஏர்கோன் வரை அங்கே எல்லாம் அவர் பொறுப்பு. அந்த அறையில் இருப்பது ஒரே பெட்டி. அதற்குள் மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர் கணினிகள் இரண்டு. ஒன்று நோயாளிகளின் பதிவுகளை வைத்திருக்கிறது. மற்றது அவற்றை நகலெடுக்கிறது. இடம் நிரம்பி நகல் நின்று மூன்று வாரமாகிவிட்டது. அதற்காகத்தான் புது ஹார்ட் டிஸ்க் இரண்டு. அவற்றில் பார்ட்டிஷன் போட்டு, அதாவது தகவல் எழுத இடம் பிரித்து, ஒரு கணினிக்கு ஒன்று என்று இணைக்க வேண்டும். அதுவரை இரண்டு கணினிகளும் நிறுத்தப்பட்டிருந்தன.

திரையில் ஐந்தாம் டிஸ்க் வெறுமையாக இருந்தது. பார்ட்டிஷன் போட்டு, நகல் கணினியோடு இணைத்தாள். அடுத்து ஆறு. கட்டளையைத் தட்டியதும் திரை கேள்வி கேட்டது: இந்த டிஸ்கில் ஏற்கெனவே ஒரு பார்ட்டிஷன் இருக்கிறது, அழிக்கலாமா?

"அண்ணே, புது டிஸ்க்தானே? இதுல ஏற்கெனவே ஏதோ இருக்கே."

"கடைக்காரன் செக் பண்ணித்தான் கொடுத்தான். அவன் போட்டதா இருக்கும். அழிலா."

அதுவும் நடப்பதுதான். ஆறு டிஸ்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. இந்தப் பெட்டியை அமைத்தவர் வேலையை விட்டுப் போய் ஆறு மாதம். குறிப்பு எதுவும் எழுதி வைக்கவில்லை. 'ஆம்' என்பதன் மேல் பிரமிளாவின் விரல் நின்றது.

"என்ன சத்தத்தையே காணோம்? இங்க தாதி ஐனா கதவைத் தட்டுது. தங்கராஜு அண்ணன் உடம்புல இருந்து எவ்வளவு தண்ணி எடுக்கணும்னு பதிவுல பார்க்கணுமாம்."

"ரெண்டு நிமிஷம் பொறுக்கச் சொல்லுங்க. ஆறாம் டிஸ்க் விளக்கை மின்ன விடுறேன். எதுல மின்னுதுன்னு பார்த்துச் சொல்லுங்க."

"ஆறுன்னா ஆறுலதான் மின்னும். என் கண்ணு மேல சந்தேகமா?"

"பாருங்கண்ணே."

அவர் பெட்டியிடம் குனிந்ததும் போனில் மின்விசிறிகளின் இரைச்சல் பெரிதானது.

"ஆறு சும்மா இருக்கு," என்றார் ஹபீப் மெதுவாக. "ஏழுதான் மின்னுது."

"அந்தப் பெட்டியில மொத்தமே ஆறு இடந்தானே. ஏழு எங்கிருந்து வந்துச்சு?"

"ஸ்டிக்கர்ல இருக்கு."

"ஸ்டிக்கரை இடப்பக்கத்துல இருந்து படிங்க."

"ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு..." அவர் நிறுத்தினார். "நாலு இல்ல. நம்ம சீன முதலாளி, தவுக்கேக்கு நாலு ஆகாது. சாவுன்னு கேட்குமாம் அவங்க பாஷையில. இந்தக் கட்டடத்து லிஃப்ட்லயே நாலு கிடையாது. நானும் பழகிட்டேன்லா."

பிரமிளா விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டிக்கு மனிதனின் பயம் தெரியாது. அது ஒன்று முதல் ஆறு வரை ஒழுங்காக எண்ணிக்கொண்டிருந்தது. ஹபீப் சொன்ன ஐந்தும் ஆறும் அதற்கு நாலும் ஐந்தும்.

"அப்ப அந்த ஏழுல என்னா இருக்கு?"

"அது பழைய டிஸ்க். எல்லாரோட பதிவும் அதுலதாண்ணே. வேற நகல் கிடையாது."



அவள் 'இல்லை'யை அழுத்தினாள். நாலாம் டிஸ்கின் விளக்கை மின்னவிட்டாள். "இப்ப?"

"அஞ்சு ஸ்டிக்கர். நான் போட்ட புதுசு. சத்தியமா."

திரையிலும் அது வெறுமையாகவே இருந்தது. பார்ட்டிஷன் போட்டு, பதிவுக் கணினியோடு இணைத்து, இரண்டு கணினிகளையும் எழுப்பினாள். மணி ஒன்று ஐம்பத்தேழு. போனில் தாதி ஐனாவின் குரல் தூரத்தில் கேட்டது: "தங்கராஜு, இருக்கவேண்டிய எடை அறுபத்து ரெண்டரை கிலோ. கிடைச்சிருச்சு."

"நான் வேணும்னா நாலுன்னு எழுதி ஒட்டிரவா? தவுக்கே ஏசுனா ஏசட்டும்."

"நகல் முடியிற வரைக்கும் அந்தப் பெட்டி பக்கமே போகாதீங்க."

"மூச்சு விடலாமா?"

"தள்ளி நின்னு விடுங்க."

திரையில் நகல் ஒரு சதவீதம் என்று காட்டியது. பிரமிளா போனை வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை.