ரெண்டாவது ரோல்

எனக்குக் கோபம் மூக்கு மேல. ஆயர் ஈத்தாம் மார்க்கெட் பக்கம் கேட்டா, போட்டோ ஸ்டூடியோ லாரன்ஸான்னு சிரிப்பாங்க. ஆனா வேலைல ஒரு குறை சொல்ல முடியாது லா. எழுபத்தொம்பதாம் வருஷ வெள்ளத்துல மூணு கல்யாண நெகட்டிவ் நாசமாப் போச்சு. அதுக்கப்புறம் யாரை எடுத்தாலும் ரெண்டு கேமரா, ரெண்டு ரோல். ஒண்ணு கடைல இருக்கும். இன்னொண்ணு ஃபெர்ரி ஏறி, கடல் தாண்டி அக்கரை பட்டர்வொர்த்ல எங்க அக்கா அன்னமேரி வீட்டுக்குப் போயிடும்.

கனகேஸ்வரியையும் அப்படித்தான் எடுத்தேன். அப்பா விநாசித்தம்பி, யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீஸ்ல கணக்கெழுதி ரிட்டயர்டான கிராணி. பொம்பளப் புள்ளைய போட்டோ எடுத்தா கண்டவன் கைக்குப் போகும்னு அதுவரைக்கும் எடுக்கவே விடல. மாப்பிள்ளை வீட்டுக்குச் சாதகத்தோட அனுப்பணுமேன்னுதான் கூட்டிட்டு வந்தாரு. அந்தப் பொண்ணு சிரிச்சா அவ்வளவு அழகு.

சம்பந்தம் கூடி வரல. அவங்க வழக்கத்துல அப்ப போட்டோவைத் திருப்பி வாங்கிடணும். வாங்கினாரு, எரிச்சாரு. நேரா என்கிட்ட வந்து நெகட்டிவையும் கேட்டாரு. குடுத்தேன்.

"இன்னொண்ணு வச்சிருப்பியே. கடை வாசல் கண்ணாடிப் பெட்டில மாட்டி காசு பாக்கவா?"

என்னைப் பாத்து என்ன பேச்சு அது! மறுநாளே பட்டர்வொர்த் போனேன். "கோபம் ஆறட்டும்டா, இங்கயே கிடக்கட்டும்"னு அக்கா சொன்னா. கேட்டேனா? எடுத்துட்டு வந்து, அவரைக் கூப்பிட்டு உக்கார வச்சு, அவர் கண்ணு முன்னாலயே கத்தரியால துண்டு துண்டா வெட்டினேன். "போதுமா அங்கிள்?"னு வேற கேட்டேன். அன்னைக்கு எனக்கு என்ன பெருமை தெரியுமா?

எட்டு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணுக்கு டெங்கி காய்ச்சல். ஆறே நாள்ல போயிட்டா.

போன வாரம் அவ அம்மா பத்மாவதி கடைக்கு வந்தாங்க. முப்பத்தொண்ணாம் நாள் சடங்குக்கு, செத்தவங்க படம் போட்டு ஒரு புத்தகம் அடிச்சு, வர்றவங்களுக்குக் குடுப்பாங்க. வீட்டுல இருக்கிறது பள்ளிக்கூடத்துல கூட்டத்தோட கூட்டமா நின்ன படம் ஒண்ணுதான், முகமே தெரியலையாம். அடையாளக் கார்டையும் சாவு பதியறப்ப ஆபீஸ்ல வாங்கிக்கிட்டாங்களாம்.

"இல்லைங்கக்கா. வெட்டிட்டேன்"னேன்.

வாசல்ல நின்ன விநாசித்தம்பி உள்ள வந்தாரு. பாதியா இளைச்சிருந்தாரு.

"லாரன்ஸ், நான் அன்னைக்குப் பேசினது தப்பு. செருப்பால அடி, வாங்கிக்கிறேன். கோபத்துல இல்லைன்னு சொல்லாத. உன் வேலை எனக்குத் தெரியும். நீ ஒண்ணு வச்சிருப்ப."

"சத்தியமா இல்ல அங்கிள். நீங்கதானே பாத்தீங்க?"

"வேற ரோலா இருக்கும். தேடிப் பாரேன்."

மாதா சத்தியமா சொல்றேன், வெட்டின அன்னைக்கு மட்டும் நான் திருடனா இருந்திருக்கணும். எத்தனை பேரு ஒளிச்சு வைக்கிறான்! எனக்கு மட்டும் என்ன கேடு வந்துச்சு?

என்ன சொல்லியும் அவர் நம்பல. கடைல இருந்த நெகட்டிவ் டப்பா எல்லாத்தையும் எடுத்து அவர் முன்னால வச்சேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா டியூப்லைட்டுல தூக்கிப் பாத்தாரு. நெகட்டிவ்ல எந்தப் பொண்ணைப் பாத்தாலும் முடி வெள்ளை, முகம் கறுப்பு. அடையாளம் எப்படித் தெரியும்?

"இதா லாரன்ஸ்?"னு கேட்டாரு. இல்லைன்னேன். அடுத்ததை எடுத்தாரு.

"இது?"


"இல்ல அங்கிள்."

கடை சாத்துற நேரம் தாண்டியும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நானும் பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லிக்கிட்டே இருந்தேன்.