எத்து என்று எழுதிய நாற்காலி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது திருட்டுச் சரக்கு. நகரியில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னது. பெயர் சுரேஷ்பாபு. வேலை செய்கிறவர்களின் உடம்புக்குத் தோதாக நாற்காலி செய்கிற திருப்பதி என்ஜினியர். சாம்பாரில் ஆரம்பித்தார், ரசம் வந்ததும் மறந்துவிட்டார். மீதி என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: மனித முதுகெலும்பு என்பது...

(வேண்டாம், தூங்கிவிடுவீர்கள்.)

இரண்டாம் தொடக்கம்: அம்சவேணி பதினோரு வருஷமாக நின்றுகொண்டே தார் மிஷின் ஓட்டுகிறாள். தறிக்கான நூலைக் குழலில் சுற்றுகிற மிஷின் அது. இடுப்பு விட்டுப்போயிற்று. உட்கார்ந்து செய், இல்லாவிட்டால் வேலையை விடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடுகிற நிலையில் அவள் இல்லை.

ஆகவே மாதிரிக்கு ஒரு நாற்காலி. ஒரு நாள் உடையாமல் தாங்கினால் எல்லாருக்கும் வாங்குவேன் என்றார் தறிக்கூட முதலாளி நாகபூஷணம். உடைந்தால் யாருக்கும் கிடையாது, மாதிரியும் அன்றே திருப்பதிக்குத் திரும்பிவிடும்.

(இவரை இன்னும் கொஞ்சம் நல்லவராக்கலாம்தான். அப்புறம் கதைக்கு எங்கே போவது?)

3

சுரேஷ்பாபு ஐந்தரை அடி ஆளை மனதில் வைத்துச் செய்திருந்தார். அம்சவேணி நாலே முக்கால் அடி. உட்கார்ந்தாள், கால் தரையில் படவில்லை.

"ஊஞ்சலாட்டம் கீது சார்."

அடியில் ஒரு லீவர். அதன்மேல் தெலுங்கில் ஒரே வார்த்தை: எத்து. உயரம் என்று அர்த்தம். அம்சவேணி அஞ்சாவது வரை தெலுங்கு மீடியம், எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். ஆனால் அவசரத்துக்கு வந்தது வீட்டு அர்த்தம்.*

எத்தினாள்.

மடார்! லீவர் பிய்ந்து பறந்தது. நாற்காலி சர்ரென்று அடிமட்டத்துக்கு இறங்கி, அங்கேயே சிக்கிக்கொண்டது.

"அய்யய்யோ, இன்னாம்மா பண்ணிட்ட!"

"எத்துன்னு போட்டுகீது, எத்தினேன். நீதான சார் எழுதி வச்சிகீற?"

சுரேஷ்பாபு அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருந்தன. மிஷின் கைக்கு வாகாக வந்தது. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அவள் இடுப்பு சும்மா இருந்தது.

* எத்து: எங்கள் பக்கத்துத் தமிழில் உதை. லீவரைக் காலடியில் வைத்தது யார் தப்பு?

4

முடிவு அ: நாகபூஷணம் வருகிறார். "ஒட்ஞ்சிபோச்சா? வண்டில ஏத்து." (ஏத்து. எத்து இல்லை.) அம்சவேணி கண்ணீரோடு எழுந்து...

எழவில்லை. மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். எழுந்தாள் என்று எழுதினால் அடுத்த வரியில் குந்திக்கொண்டிருக்கிறாள்.

முடிவு ஆ: நாகபூஷணம் மனம் மாறிப் பத்து நாற்காலி வாங்கி, பத்தையும் உதைக்கச் சொல்கிறார். (எனக்கே நம்பிக்கை இல்லை.)

மறுபடி அ-வுக்கே வந்தேன். "ரெண்டே வரிதான் அம்சவேணி, கொஞ்சம் எழுந்திரும்மா" என்று கெஞ்சினேன்.

அவள் நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ இன்னா சார், நின்னுக்கினா எழுதற?"

கோபம் வந்தது. அப்புறம் வெட்கமாகிவிட்டது.

நாகபூஷணம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார், வண்டியும் தயார். அவளை எழுப்பிவிட வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு எழுதுங்கள், அவ்வளவுதான்.