மேலறைக்கு ஒரு ஜாமீன்

1
இந்தக் கதை ஒரு கடிதமாகத்தான் தொடங்கியது. மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக உள்ள எங்கள் சாலுக்கு ஒரு விதி உண்டு: தமிழர் அல்லாதவருக்கு அறை வாடகைக்கு விடக் கூடாது. என் தலைக்கு மேலிருக்கும் அறை ரோஸியுடையது. ஒடிசாவிலிருந்து வந்து பை தைக்கும் நகுலுக்கு அதைக் கொடுக்க நினைத்தாள். அவன் மனைவிக்கு ஏழு மாதம். பட்டறைத் தரையில் படுப்பவன் அவளை எங்கே கூட்டி வருவான்?

"நீங்கதான் எழுதுவியளே அண்ணே. கமிட்டிக்கு ஒரு லெட்டர் எழுதித் தாங்க," என்றாள்.

2
முதல் தொடக்கம்: 'நம் அப்பன்மாரும் இப்படித்தான் ரயிலேறி வந்து…'

(நிறுத்திவிட்டேன். கமிட்டித் தலைவர் கணேசபாண்டியனிடம் போன வருடம் வேறொருவனுக்காக இதைச் சொல்லிப் பார்த்தாயிற்று. "எங்கப்பா அடி வாங்கிப் பிடிச்ச எடம்வே இது. அதச் சொல்லியே எங்கிட்ட எடம் கேக்கீரா?")

இரண்டாவது: 'நகுல் உழைப்பாளி, குடிக்க மாட்டான், எனவே…'

(வெட்கமாக இருந்தது. நான் குடிப்பேன். என்னை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை.)

3
பேனாவை வைத்துவிட்டு நேரே கணேசபாண்டியனிடம் போய், என்ன பயம் என்று கேட்டேன்.

"தண்ணி காலைல முக்கா மணி நேரந்தான் வருது. ஒருத்தன விட்டா நாளைக்குப் பத்துப் பேரு. அப்புறம் எங்க பேச்சு எடுபடுமா?"

அவருக்கு நகுல்மேல் கோபமில்லை; தன் பிடி போய்விடுமோ என்றுதான் கவலை. மூன்றாவது கடிதத்தில் உபதேசமே இல்லை. ஒரு குடும்பம், பதினொரு மாதம், குழாயடியில் எல்லோரும் பிடித்த பிறகு அவர்கள் முறை, பிறகு கமிட்டியே மறுபடி முடிவெடுக்கலாம். (கதவைத் திறக்கச் சொல்பவன் தாழ்ப்பாளை அவர்கள் கையிலேயே விட வேண்டும் போலிருக்கிறது. இதை எழுதிவிட்டு எனக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன்.)

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். கணேசபாண்டியன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவனுக்கு ஒருத்தர் ஜாமீன் நிக்கணும். எழுதுனவரே கையெழுத்துப் போடட்டும்."

4
முடிவு அ: உடனே போட்டேன்.
முடிவு ஆ: 'வியாழக்கிழமை சொல்கிறேன்' என்றேன்.

நடந்தது ஆ. பதினாறு வருடமாகத் தனியாக இருக்கிறேன். யாருக்கும் நான் பொறுப்பில்லை, எனக்கும் யாரும் இல்லை. முதல்முறையாக ஒருவர் கேட்டதும் பயந்துபோனேன். ரோஸி என் முகத்தைப் பார்க்காமல் படியேறிப் போனாள்.

5
'மேலே குழந்தை அழுகிறது' என்று ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். நகுலின் மனைவி இன்னும் ஊரிலிருந்து ரயிலேறவே இல்லை. நாளை வியாழன். கடிதம் மேசைமேல் இருக்கிறது, கீழே ஒரு கையெழுத்துக்கு இடம் விட்டு.

இதுவரை படித்ததில் உங்களுக்கும் தலையாட்டத் தோன்றியிருக்கும். அப்படியானால் சொல்லுங்கள், நீங்கள் போடுவீர்களா?